எண் சொல்லும் வேலை

1. ஒரே எஞ்சின்

பெரிய ஜெனரேட்டரின் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தபோது நான் ஸ்விட்ச் போர்டு ரூமில் இருந்தேன். முதலில் ஓர் அதிர்வு. பிறகு இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம். அதன்பின் ஒன்றுமில்லை. விளக்குகள் அணைந்தன, பேட்டரியில் ஓடிய இன்டர்காம்கள் எல்லாம் சேர்ந்து அடித்தன. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அன்றிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் ஏறக்குறைய அதே நிலையில்தான் வேலை பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ரங்கூனில் ஆற்றங்கரையில் இருந்த ஒரு மீன், இறால் கம்பெனியில் எலெக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்தேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம், இப்போது அது இல்லை. வீட்டில் என் பெயர் சுப்பிரமணி, கம்பெனியில் பர்மிய வழக்கப்படி கோ மணி. நகரத்துக் கரண்ட் பாதி நாள் இருக்காது. இருந்தாலும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இரண்டு ஜெனரேட்டர்களை நம்பித்தான் எல்லாம் ஓடியது. இப்போது சிறியது மட்டும் மிச்சம். உடைந்ததற்கு ஸ்பேர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அது வராது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மிச்சமிருந்த எஞ்சினைப் பங்கு போட இரண்டு செக்‌ஷன்கள். ஒன்று ஐஸ் பிளான்ட். அதற்கு சாகுல் நானா பொறுப்பு, நானா என்றால் அண்ணன். ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம், நகரத்துக்குள் லான்மடா என்ற பகுதியில் அவர் அண்ணன்மாருக்குக் கடை. கடையில் உட்காரப் பிடிக்காமல் மிஷினுக்கு வந்தவர். இன்னொன்று இறால் ஷெட். அதற்கு டாவ் மியா என்ற பர்மியப் பெண்மணி தலைவி. நூறு பெண்களுக்கு மேல் அவர் கையின் கீழ் இறால் உரித்தார்கள். ஃப்ரீசர்களும் கோல்ட் ரூமும் அவர் பொறுப்பு.

இருவரும் நியாயமானவர்கள், அதுதான் சிக்கல். ஐஸ் இல்லாவிட்டால் த்வாண்டே பக்கமிருந்து வரும் படகுகள் ஐஸ் ஏற்றாமல் திரும்பிப் போகும், அடுத்த முறை வேறு துறைக்குப் போய்விடும். ஃப்ரீசர் நின்றால் இறால் கெடும். யாருக்குக் கரண்டை வெட்டுவது என்று நான் போர்டில் நின்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஐஸ் டேங்கில் கட்டிகள் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. ஃப்ரீசரில் இருப்பது இப்போது வைத்த இறாலா, உறைந்து முடிந்ததா என்றும் தெரியாது. கேட்டால் இருவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: இப்போது நிறுத்த முடியாது. கடைசியில் யார் குரல் பெரிதோ அவருக்குக் கொடுப்பேன். லோடு தாங்காமல் பிரேக்கர் டிரிப் ஆகும். இருவருக்கும் இல்லாமல் போகும்.

2. சயாமா

மேனேஜர் ஊ தெய்ன் எங்கிருந்தோ ஓர் இன்ஜினியரைக் கூட்டிவந்தார். மா வின் என்று பெயர். முப்பது வயது இருக்கும். வெளிநாட்டில் கண்ட்ரோல் இன்ஜினியரிங் படித்தவர். ஆசிரியையைக் கூப்பிடுவது போல எல்லோரும் அவரை சயாமா என்றோம். வந்ததும் மிஷினைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் எங்கள் மூவரையும் உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, யார் யாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்றுதான் கேட்டார்.

பிறகு அவர் சொன்ன முறை இது. மேலே ஓர் ஆள், கீழே இரண்டு பேர். மேலே இருப்பவன் நான். எஞ்சின் எவ்வளவு தாங்கும், இப்போது எவ்வளவு லோடு ஓடுகிறது, இந்த இரண்டு மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும். யார் எதை ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லக் கூடாது. ஓர் எண்ணை மட்டும் சொல்ல வேண்டும், அது கரண்டின் விலை மாதிரி. லோடு அதிகமானால் எண்ணைக் கூட்டுவது, குறைந்தால் குறைப்பது. கீழே இருப்பவர்கள் தங்கள் ஒவ்வொரு மிஷினுக்கும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லும் எண் அதைத் தாண்டினால் அந்த மிஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நஷ்டம் அதிகம் என்றால் பெரிய எண், கம்மி என்றால் சிறிய எண். பெரிய கணக்கை ஒரே இடத்தில் போட முடியாதபோது இப்படி மேலும் கீழுமாகப் பிரித்துப் போடலாம் என்றார்.

எனக்குப் புரியவில்லை. புரிந்த வரையில் பயமாக இருந்தது. அதுவரை பிரேக்கரில் கை வைத்து வேலை பார்த்தவன் நான். இனி என் வேலை ஓர் எண்ணைச் சொல்வது மட்டும் என்றால், அதற்கு ஒரு ஃபோர்மேன் எதற்கு?

சாகுல் நானாவுக்கு வேறு சந்தேகம். வெளியே வந்ததும் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார்.

“தம்பி, அந்த எண்ணு விலைங்கிறாகளே. நான் கூடுதலா ஓட்டுனா மாசக் கடைசியில என் சம்பளத்துல பிடிப்பாகளா?”

எனக்கும் தெரியவில்லை. திரும்பிப் போய்க் கேட்டோம். மா வின் சிரிக்கவில்லை. இது பணம் இல்லை, யாரும் கொடுக்கவும் வேண்டாம் வாங்கவும் வேண்டாம், கரண்ட் இப்போது எவ்வளவு அரிது என்பதைச் சொல்கிற அடையாளம் மட்டும் என்று பர்மியத்தில் பொறுமையாக விளக்கினார். யாரும் கொடுக்காத விலை எப்படி விலையாகும் என்று நானாவும் நானும் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தோம்.

நானா சாக்பீஸ் எடுத்து ஒவ்வொரு கம்ப்ரசர் ஸ்டார்ட்டர் மேலும் எண் எழுதினார். டாவ் மியா தன் ஃப்ரீசர்களில் பேப்பர் ஒட்டினார். நான் போர்டு முன்னால் உட்கார்ந்து இன்டர்காமில் எண் சொல்ல ஆரம்பித்தேன்.

3. ஹண்டிங்

முதல் சில நாட்கள் முன்பிருந்ததைவிட மோசமாகப் போயின.

லோடு அதிகம், எண்ணைக் கூட்டினேன். நானா இரண்டு கம்ப்ரசரை நிறுத்தினார். அதே நேரம் டாவ் மியாவும் இரண்டு ஃப்ரீசரை நிறுத்தினார். எஞ்சின் வெறுமனே ஓடியது. சரி என்று எண்ணைக் குறைத்தேன். இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் ஸ்டார்ட் பண்ணினார்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்ட் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. பிரேக்கர் டிரிப். மறுபடி முதலிலிருந்து. எஞ்சின் வேகம் நிலைக்காமல் ஏறி இறங்குவதை நாங்கள் ஹண்டிங் என்போம். இங்கே எஞ்சின் சரியாக இருந்தது, மனிதர்கள்தான் ஹண்டிங் ஆனார்கள்.

என்னைக் குழப்பியது இதுதான்: யாரும் தப்பு செய்யவில்லை. நான் சொன்ன எண் சரி. நானா நிறுத்தியது சரி. டாவ் மியா நிறுத்தியதும் சரி. மூன்று சரியும் சேர்ந்து எப்படி இருட்டாகிறது?

மா வின் போர்டு ரூமிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது. புத்தகத்தில் மிஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று இருக்கும், இங்கே கம்ப்ரசர் ஒன்று ஓடுகிறது அல்லது நிற்கிறது என்றார். பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தார். எண்ணைத் தாவித் தாவி மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். இருவருக்கும் ஒரே நேரத்தில் சொல்லாமல், ஒருவருக்குச் சொல்லி, அவர் செய்து முடித்து, மீட்டர் முள் ஓரிடத்தில் நிலைத்த பிறகுதான் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும்.

அது வேலை செய்தது. எப்படி என்று கேட்டால் அன்றும் இன்றும் என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. டிரிப் ஆவது நின்றது. படகுகளுக்கு ஐஸ் கிடைத்தது. டாவ் மியா என்னிடம் சத்தம் போடுவதை விட்டார். ஊ தெய்ன் வெளியாட்களைக் கூட்டிவந்து என்னைக் காட்டி, இவர் ஒரே ஓர் எண்ணால் கம்பெனியை நடத்துகிறார் என்று பெருமையடித்தார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

4. கெடாத பம்ப்

கம்பெனிக் காம்பவுண்டின் பின்பக்கம் தொழிலாளர் லைன் வீடுகள் இருந்தன. அதில் ஒன்றில் நானும் என் மனைவி காவேரியும் இருந்தோம். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து போர் பம்ப் ஒன்று தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும், அங்கிருந்து குழாய்க்கு வரும். போர்டு ரூமில் எல்லாம் சரியாக ஓட ஆரம்பித்த அதே மாதத்தில் குழாயில் தண்ணீர் வருவது குறைந்தது. பிறகு சில நாள் வரவே இல்லை. பெண்கள் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள்.

பம்ப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். விடுமுறை நாளில் கழற்றினேன். இம்பெல்லர், பேரிங், வால்வ், காயில் எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. திரும்பப் பூட்டி, பக்கத்துச் சுவரிலிருந்த ஸ்விட்சைப் போட்டேன், பொழிந்தது. காவேரி சிரித்தாள். மறுநாள் வேலைக்குப் போய் வந்தால் குழாய் காய்ந்து கிடந்தது.

மறுபடி கழற்றினேன். நான் வீட்டில் இருந்தால் ஓடுகிறது, வேலைக்குப் போனால் ஓடவில்லை. லைனில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கம்பெனியையே ஓட்டுகிறவருக்கு ஒரு பம்ப்பை ஓட்டத் தெரியவில்லையே என்று.

அந்த வாரம் காவேரிக்கு வயிற்றுப்போக்கு வந்தது. காலையில் ஆரம்பித்தது. மதியம் ஆள் அனுப்பினார்கள், ஓடினேன். கண் குழிந்து, கை குளிர்ந்து கிடந்தாள். பேசினால் சத்தம் வரவில்லை. லைனில் இன்னும் இரண்டு வீடுகளிலும் அப்படி. கம்பெனி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பாகத்தைப் பார்க்காமல் விட்டேன் என்று பம்ப்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். பயத்தில் மனசு அப்படிப் போயிற்று. டாக்டர் ஓடைத் தண்ணீரைக் குடித்தீர்களா என்று கேட்டார். சலைன் ஏற்றினார்கள். மற்ற இருவரும் பிழைத்தார்கள், இவளும் பிழைத்தாள்.

அவள் ஆபத்தைத் தாண்டிய பிறகு நான் நேரே பம்ப்பிடம் போனேன். இந்த முறை அதைக் கழற்றவில்லை. மோட்டாரிலிருந்து கேபிளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அது ஐஸ் பிளான்ட் சுவரைத் தாண்டி உள்ளே போய், சாகுல் நானாவின் பேனலில் ஏறியது. ஐஸ் டேங்குக்கும் அதே கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்ததால் யாரோ பழைய காலத்தில் அங்கே இணைத்திருக்கிறார்கள். பம்ப் ஸ்டார்ட்டர் மேல் சாக்பீஸால் எண் எழுதியிருந்தது. கம்ப்ரசர்கள் மேல் நாற்பது, அறுபது, எண்பது. பம்ப் மேல் ஒன்று.

நானா அங்கேதான் நின்றார். காவேரி எப்படி இருக்கிறாள் என்று உண்மையான கவலையோடு கேட்டார். நான் ஸ்டார்ட்டரைக் காட்டினேன்.

“நானா, இதை ஏன் ஒன்னுன்னு போட்டீங்க?”

“தம்பி, என் டேங்கு ரொம்பிட்டா அந்தப் பம்பு எனக்கு ஐஸ் தராதே. நிறுத்துனா எதுல நஷ்டம் கம்மியோ அதை முதல்ல நிறுத்துன்னுதானே சயாமா சொன்னாக. நீங்க எண்ணைக் கூட்டுனா அதைத்தான் முதல்ல அமத்துவேன்.” ஸ்டார்ட்டரைத் திரும்பிப் பார்த்தார். “அது லைன் வீட்டுக்குப் போற தண்ணியா?”

அவர் லான்மடாவில் குடியிருந்தவர். அவருக்குத் தெரியாது. நான் லைனில் குடியிருந்தவன், எனக்கும் தெரியாது. தினமும் போர்டில் உட்கார்ந்து எண்ணைக் கூட்டியது நான். ஒவ்வொரு முறை கூட்டியபோதும் என் வீட்டுக் குழாய் நின்றிருக்கிறது. நான் எண் சொல்லாத விடுமுறை நாளில் மட்டும் பம்ப் ஓடியிருக்கிறது. நானா தலையில் கை வைத்துக்கொண்டு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

5. மூன்றாவது செக்‌ஷன்

மா வினிடம் சொன்னேன். என்னோடு ஐஸ் பிளான்டுக்கு வந்து ஸ்டார்ட்டர் மேல் இருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு பம்ப்பை நானாவின் பேனலிலிருந்து பிரித்துத் தனி செக்‌ஷனாக ஆக்க வேண்டும், அதற்கு லைனிலிருந்தே ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றார். பம்ப் ஹவுஸில் ஓர் இன்டர்காம் போட்டோம். யாரை வைப்பது என்ற கேள்வி வந்தபோது காவேரி, நான் இருக்கிறேன் என்றாள். உடம்பு பாதியாகியிருந்தது. ஆனாலும் மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் நான் முறைப்படி எண் சொன்னேன். லோடு அதிகமாக இருந்தது. மூவருக்கும் வரிசையாகச் சொன்னேன். காவேரி நிறுத்தவில்லை. எண்ணைக் கூட்டினேன். அப்போதும் நிறுத்தவில்லை.

“எண்பது,” என்றேன்.

“நீங்க எண்பதுன்னாலும் சரி, எழுநூறுன்னாலும் சரி. நான் அமத்த மாட்டேன்,” என்று இன்டர்காமை வைத்துவிட்டாள்.

பம்ப் சின்ன மோட்டார்தான். ஆனால் எஞ்சின் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன லோடுக்கு இடம் கொடுக்க நானா ஒரு கம்ப்ரசரை முழுதாக நிறுத்த வேண்டியிருந்தது. கம்ப்ரசரைப் பாதி ஓட்ட முடியாதே. தொட்டி நிரம்பி வழிந்தும் காவேரி பம்ப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பக் கிடைக்காது என்று பயந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரம் ஐஸ் போதாமல் படகுகள் காத்துக் கிடந்தன. படகுக்காரர்கள் நானாவைத் திட்டினார்கள். நானா யாரையும் திட்டாமல் வெயிலில் நின்று கேட்டுக்கொண்டார்.

இப்போது ஊ தெய்ன் கூட்டம் கூட்டினார். போன மாதம் வரை அழகாக ஓடியதே, பழையபடி மாற்றிவிடலாமே என்றார். டாவ் மியா அவரை நிமிர்ந்து பார்த்தார். லைனிலிருந்து தன் ஷெட்டுக்குக் குளிக்காமல் வருகிற பெண்களை ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்ததாகவும், காரணம் இப்போதுதான் தெரிகிறது என்றும், அந்தக் கைதான் இறாலைத் தொடுகிறது என்றும் அமைதியாகச் சொன்னார். ஊ தெய்ன் பழையபடி மாற்றுகிற பேச்சை விட்டார்.

மா வின் காவேரியிடம் கேட்டார், பம்ப் எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்று. எல்லோரும் பர்மியத்தில்தான் பேசினோம், காவேரியும். நான் தமிழில் எழுதுகிறேன்.

“பம்பு எப்ப ஓடுதுன்னு எனக்கென்ன, சயாமா? நான் குழாயைத் திறந்தா தண்ணி வரணும். அவ்வளவுதான்.”

மா வின் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும் என்பதுதான் மாறாதது, பம்ப் ஓடுகிற நேரம் மாறலாம் என்றார். படகு வருவதற்கு முன்னாலும், ஷெட்டில் சாப்பாட்டு வேளையிலும் எண் இறங்கும். அப்போது பம்ப்பை ஓட்டிக்கொள்ளலாம். தொட்டி ஒரு கோட்டுக்குக் கீழே போனால் மட்டும் எண் எதுவானாலும் பம்ப் ஓடும், மற்றவர்கள் நிறுத்திக் கொடுக்க வேண்டும்.

எந்தக் கோடு என்று நான் கேட்டேன். எவ்வளவு தண்ணீர் இருந்தால் லைனுக்குப் போதும்? அதை எண் சொல்லாதா?

“சொல்லாது,” என்றார் மா வின். “அதை மேனேஜர் சொல்ல வேண்டும். மிச்சம் இருப்பதை எப்படிப் பிரிப்பது என்றுதான் என் கணக்குக்குத் தெரியும்.”

எல்லோரும் ஊ தெய்னைப் பார்த்தோம். அவர் நெளிந்தார். எண் வந்த பிறகு அவரிடம் யாரும் சண்டைக்கு வருவதில்லை. எதைக் கேட்டாலும் எண் அப்படிச் சொல்கிறது என்று சொல்லிவிடலாம். அந்த நிம்மதி எனக்கும் இருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். கடைசியில் அவர், தொட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழே போகக் கூடாது, ஐஸ் குறைந்தால் படகுக்காரர்களிடம் நானே பேசுகிறேன் என்றார். அங்கங்கே ஒழுகிக்கொண்டிருந்த தொட்டியைப் பூச சிமெண்டுக்கும் சம்மதித்தார்.

நானா தொட்டிக்கு உள்ளே இறங்கித் தன் கையால் பூசினார். எதற்கு நீங்கள் என்றேன். அடுத்த சட்டி கலவையைக் கேட்டார். காவேரி கீழே நின்று அவருக்குக் கலவை எடுத்துக் கொடுத்தாள். தொட்டிச் சுவரில் பாதியில் ஒரு சிவப்புக் கோடு போட்டோம். ஐஸ் கொஞ்சம் குறைந்தது, ஆனால் எவ்வளவு குறையும் என்பது முன்கூட்டியே தெரிந்ததால் படகுகள் அதற்கேற்ப வந்தன. சாப்பாட்டு வேளையில் எண்ணை இறக்கிச் சொல்வேன். அந்தப் பக்கம் பம்ப் கிளம்பும், மீட்டர் முள் கொஞ்சம் நகரும். எந்த மோட்டார் யாருக்காக ஓடுகிறது என்று தெரிந்து எண் சொன்னது அதற்குப் பிறகுதான்.

6. இப்போது இந்த வேலைக்கு வருபவர்களுக்கு

மா வின் பிறகு வெளிநாடு போய்விட்டார். போவதற்கு முன் நான் அவரிடம் கேட்டேன்: முதல் மாதம் எல்லாம் அழகாக ஓடியதே, அப்போது கணக்கு சரியா, தப்பா? சரிதான் என்றார். கணக்கு சரியாக இருந்தும் லைனில் தண்ணீர் நின்றதே, அதுதான் எனக்கும் பிடிபடவில்லை என்றார். அவ்வளவு படித்தவருக்கும் பிடிபடவில்லை என்றதும் எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இன்றைக்கு இதையெல்லாம் கம்ப்யூட்டர் செய்கிறது. மேலே ஒன்று, கீழே பல, நடுவே ஓர் எண் நொடிக்கு நொடி ஓடுகிறது. நல்ல முறை. நான் அதற்கு எதிரி இல்லை. என் பழைய வழியில், குரல் பெரிதாக இருந்தவருக்குக் கொடுத்ததில், யாருக்கும் நன்மை வரவில்லை. ஆனால் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும்போது உங்களுக்கும் என்னைப் போலக் குழப்பம் வந்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள்.

புது இடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் ஒவ்வொரு கேபிளையும் அதன் கடைசி வரை தொடர்ந்து நடந்து போங்கள். வெயிலாக இருந்தாலும் போங்கள். அது முடிகிற இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள், அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். பிறகு திரும்பி வந்து எண் சொல்லுங்கள்.